இடைவெளி

'கழிவு அறை' என்றுதான் எழுதிக் கொடுத்தோம்.
பெயிண்டருக்குப் பள்ளிக்கூடத்துச் 'சேர்த்தெழுதுக'
மறக்கவில்லைபோல.
கழிவறை என்று எழுதிவிட்டார், பச்சை எழுத்தில்.
முதல் வாரமே மூன்று பேர்
அவசரமாக வந்து கதவைத் தட்டினார்கள்.
மூன்றாமவர் இயற்பியல் பேராசிரியர்.

இந்த மாதம் சாவி என்னிடம்.
வேதியியல் துறைக்குப் பின்னால்
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
ஆடி பிறந்துவிட்டது.
பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து கோயமுத்தூருக்கு வரும் காற்று
எக்ஸாஸ்ட் விசிறியைத் தலைகீழாகச் சுற்றுகிறது.
வெளியே தள்ளியதையெல்லாம்
என் மூக்கிடமே திருப்பிக் கொடுக்கிறது.

உள்ளே, கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிற வேலை.
நைட்ரிக் அமிலத்தை அசிட்டோன் பக்கத்தில் உட்காரவைத்தால்
பந்தலே எரியும்.
பிளீச்சும் அம்மோனியாவும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்.
சயனைடு இருக்கும் திசைக்கே அமிலம் போகக் கூடாது.
குளோரோபார்ம் வகையறாவுக்குத் தனி வரிசை.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிளாஸ்டிக் தட்டு,
கசிந்தால் அதோடு நிற்கட்டும் என்று.
கழுத்துவரை ஊற்றக் கூடாது.
வெயிலில் அதுவும் விரியும்.

என் ஆராய்ச்சி திருப்பூர்ச் சாயத் தண்ணீர்.
கேனில் வரும். போன வாரம் கத்தரிப்பூ நிறம்.
அதில் ஒரு லிட்டரைத் தெளியவைக்க
மூன்று லிட்டர் நஞ்சு செய்கிறேன்.
தெளிந்த லிட்டருக்கு ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயம்.
மூன்று லிட்டருக்கு
இந்த அலமாரி.

நேற்றுக் கீழ்த்தட்டில், அட்டைப்பெட்டிக்குப் பின்னால்,
ஒறம்பரைக்கு வந்து ஊர் திரும்பாத ஆள்போல
ஒரு பழுப்புப் பாட்டில்.
லேபிளில் மை ஓடி 'ப.செ.' மட்டும் மிச்சம்.
மூடியைச் சுற்றி வெள்ளையாய்ப் படிகம்,
கற்கண்டை உடைத்து ஒட்டினாற்போல.
"ஆட்டிப் பாக்கட்டுங்களா?" என்றார் அட்டெண்டர் வெள்ளிங்கிரி.
"அய்யோ, தொட்டுறாதீங்க."
பழைய ஈதர் இப்படித்தான்.
ஒரு சின்ன உரசலுக்காக
வருசக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

பதிவேட்டைப் புரட்டினால், ப. செங்கோட்டுவேல்.
பட்டம் வாங்கி ஆறு வருசம். இப்போது கொரியாவில்.
ராத்திரி வாட்ஸப்பில் படம் அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது.
நெடுநேரம் எதையோ எழுதினார், அழித்தார், எழுதினார்.
பிறகு வந்தது:
"தண்ணியாத்தான் இருக்குமுங்க."
கூடவே ஒரு கும்பிடு.

கோபப்பட முடியவில்லை.
கவுந்தப்பாடிக்குக் கடைசி பஸ் இருந்திருக்கும்.
காலையில் எழுதிக்கலாம் என்று
பேனாவை மூடியிருப்பார்.
நானே இரண்டு தடவை மூடியிருக்கிறேன்.

பாட்டிலை நகர்த்தவில்லை. கதவைப் பூட்டி,
தெரிந்தவர்களுக்குச் சொல்லியாயிற்று. வியாழக்கிழமை வருகிறார்கள்.
கதவில் ஒரு தாள் ஒட்டினேன்.
பொருள்: தெரியாது.
அளவு: தெரியாது.
ஆபத்து: உண்டென்றே வைத்துக்கொள்ளவும்.
கீழே என் பெயர், தேதி.
நாலு வருசப் படிப்பில்
தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது
இதுதான் முதல் தடவை.

இன்று பெயிண்டரைத் திரும்பக் கூப்பிட்டோம்.
"ஒரு எடவெளி உடறதுக்கு எரநூறு ரூவாயா?"
வெள்ளிங்கிரி விடவில்லை.
"எடவெளி சும்மா வருமுங்களா? பூராத்தையும் அழிச்சுத்தான் எழுதோணும்."
ஆணியில் தொங்கிய பலகையை மெல்ல எடுத்துப் போய்
நூறடி தள்ளிப் புங்கமரத்தடியில் வைத்து எழுதச் சொன்னேன்.
ஏனுங்க என்றார். சொன்னேன்.
பலகையைத் தூக்கிக்கொண்டு
இன்னும் ஐம்பதடி போனார்.

எழுதி முடித்து,
தின்னரில் கை துடைத்த துணியை
வேலியோரம் வீசப் போனார்.
வாங்கிக்கொண்டேன்.
மூடியுள்ள டப்பா. புது லேபிள்.
தின்னர், பச்சைப் பெயிண்ட், இன்றைய தேதி.
"உங்க பேரு என்னங்க?" என்றேன்,
பேனாவைத் திறந்துகொண்டு.